உயிலில் இல்லாத சொல்

“நீ அவருக்கு இன்னா ஆவணும்?”

போன மாதம் உயில் எழுதப் போனபோது பத்திரம் எழுதும் தனகோட்டி ஆண்டாளிடம் கேட்டது. செஞ்சி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே, புங்கமரத்தடியில், நாலு பேர் காதுபடக் கேட்டார். அவள் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். பச்சைமுத்துதான் மூச்சிரைக்க, “பொண்டாட்டி. அப்டியே எழுது” என்றார். எழுதிவிட்டால் போயிற்று என்று தனகோட்டி சிரித்தார். அதற்குள் அலுவலகத்தில் கரண்ட் போய்விட்டது. லைன்மேனாக இருந்த பச்சைமுத்துவுக்கே இந்தக் கதியா என்று யாரோ கிண்டலடிக்க, இருவரும் எழுதாமலே திரும்பினார்கள்.

இன்றைக்கு அவருக்குக் கஞ்சி உள்ளே இறங்கவில்லை. கடைவாயில் வழிந்ததைத் துடைத்தாள். அவர் கண் திறந்து, “தனகோட்டிய வரச் சொல்லு” என்றார்.

போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கூட்டிய வாசலை மறுபடி கூட்டினாள். துடைப்பத்தைப் போட்டுவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். மார்பு ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

அவருடைய முதல் மனைவி காத்தாயி, கைக்குழந்தையோடு பிறந்த ஊரான தொண்டூருக்குத் திரும்பிப் போனவள். பெரியவர்கள் கூடித் துரும்பு கிள்ளிப்போட்டு, கல்யாணம் முறிந்ததென்று தீர்த்துவிட்டார்கள். கோர்ட்டுப் படியை யாரும் மிதிக்கவில்லை. அந்தத் துரும்பை நம்பித்தான் ஆண்டாள் இந்த வீட்டுக்குள் வந்தாள். போன வாரம் அவருக்குத் தெரியாமல் வக்கீல் வெண்மதியைப் பார்த்தபோதுதான் நிலைமை புரிந்தது. உயில் இல்லாவிட்டால் வீடு காத்தாயிக்கும் மகன் இனியனுக்கும் போகும். துரும்பு கிள்ளிய பெரியவர்களில் சாட்சி சொல்ல ஒருவரும் இன்று உயிரோடு இல்லை.

“பொண்டாட்டின்னு எழுதுனா, அது பொய்யின்னு அவங்க கேஸ் போடுவாங்கக்கா. உன் பேரு, உங்கப்பா பேரு போட்டா போதும்” என்றிருந்தாள் வெண்மதி.

தனகோட்டி என்றால் அவர் சொன்னதை அப்படியே எழுதுவார். வெண்மதி அந்தச் சொல்லை எழுத மாட்டாள். ஆண்டாள் வெண்மதியின் எண்ணைத்தான் அழுத்தினாள்.

வெண்மதி டாக்டரையும் கையோடு கூட்டிவந்தாள். அவர் பச்சைமுத்துவிடம் பெயர், ஊர், கிழமையெல்லாம் கேட்டு, நினைவு தெளிவாக இருக்கிறதென்று எழுதிக் கொடுத்தார். எதிர்வீட்டு டீச்சரும் மருந்துக்கடைக்காரரும் சாட்சிக்கு வந்தார்கள். வீட்டை எழுதி வாங்கும் ஆண்டாள் மட்டும் உள்ளே இருக்கக்கூடாது என்று வெண்மதி சொல்லிவிட்டாள். ஜன்னல் திறந்தே கிடந்தது.

முதலில் அவர் குரல் கேட்டது. பொண்டாட்டி என்று போடாவிட்டால் கையெழுத்துக் கிடையாது. மருந்துக்கடைக்காரர் இருமினார். பிறகு வெண்மதி பேசினாள்.

“ஐயா, அவங்க இந்த வீட்ல இருக்கணுமா, அந்த வார்த்த இருக்கணுமா?”

ஆண்டாள் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தாள்.

“வீடு” என்றார்.

எல்லோரும் போனபின் தண்ணீர் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். “மாமா” என்றாள். பதில் இல்லை. கோபம் தணியட்டும் என்று துணி துவைக்கப் போனாள். பாதியில் எழுந்து வந்து பார்த்தாள், திரும்பப் போனாள், மறுபடி வந்தாள். மூன்றாம் முறை வந்தபோது மார்பு அசையவில்லை.

மறுநாள் காலை பறைச்சத்தத்தோடு தெரு நிறைந்தது. அவர் இருந்த சங்கத்துக்காரர்கள் நீலத்துண்டு போர்த்தினார்கள். முதல் பஸ்ஸில் மகனோடு வந்த காத்தாயி தலைமாட்டில் உட்கார்ந்தாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. ஆண்டாள் அடுக்களை வாசற்படியிலேயே நின்றாள்.

பூமாலையோடு வந்த வெண்மதியை இனியன் மறித்தான். “நைனா வீட்ட இன்னா பண்ணிட்டுப் போனாரு?”

ஆண்டாள் பேருக்கு எழுதியதை வெண்மதி மறைக்கவில்லை. இனியன் அம்மாவைப் பார்த்தான். காத்தாயி எழுந்து நேரே அடுக்களைக்கு வந்தாள். கூடியிருந்த பெண்களின் அழுகை நின்றுபோனது.

“பொண்டாட்டின்னு எழுதிக்கினியா?” என்றாள்.

“இல்ல. வெறும் பேருதான்.”

“அதுக்கு அவுரு ஒத்துக்கினாரா?”

“கையெழுத்துப் போட்டாரு. அதுக்கப்புறம் எங்கிட்ட பேசல.”

காத்தாயி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பிப்போய்த் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

சற்று நேரத்தில் காத்தாயியின் அண்ணன் பிறந்தவீட்டுக் கோடியோடு வந்தார். செத்தவரின் பெண்சாதிக்குப் போடும் புதுச்சேலை. பெண்கள் விலகி இடம் விட்டார்கள். அவர் மடிப்பைப் பிரித்துத் தங்கையின் தோளை நோக்கிக் குனிந்தார்.

காத்தாயி அடுக்களை வாசற்படியை ஒருமுறை பார்த்துவிட்டு, சேலையை விலக்கி எழுந்துவிட்டாள். செத்தவரின் காலைத் தொட்டாள். வாசலில் குவிந்திருந்த செருப்புகளில் தன்னுடையதைத் தேடி மாட்டிக்கொண்டாள். “எம்மா” என்று இனியன் கூப்பிட்டான். அவள் தெருவில் இறங்கினாள். பறையடிப்பவர்கள் ஒதுங்கி வழிவிட, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.