எடைக்கு வாங்கிய புத்தகங்கள்

எங்கள் தெருவைப் பார்த்தாலே எனக்கு இப்போது குமட்டுகிறது. டயர் கடை இருந்த இடத்தில் காப்பிக் கடை வந்திருக்கிறது. பழைய டயரைக் கழுவி, மேலே கண்ணாடி பதித்து மேஜையாக்கியிருக்கிறார்கள். தரையில் இருந்த எண்ணெய்க் கறையை மட்டும் அப்படியே விட்டு, அதன்மேல் பளபளவென்று பூச்சு. அந்தக் கறையைப் படம் எடுக்கக் கூட்டம் நிற்கிறது. டயர்க்காரர் இருந்தவரை மூக்கைப் பொத்திக்கொண்டு போனவர்கள்தான் இவர்கள்.

இந்தக் கூத்தில் எனக்கும் பங்கு உண்டு. விற்பனைக்கு வரும் வீடுகளை அலங்கரித்துக் கொடுப்பது என் பிழைப்பு. வாடகை சோபா, பிளாஸ்டிக் செடி, கண்ணாடிக் கிண்ணத்தில் எலுமிச்சம்பழம், அலமாரி நிறைய நீல அட்டைப் புத்தகங்கள். புத்தகங்களை எடைக்கு வாங்கினேன். என்ன மொழி என்றுகூடத் தெரியாது. ஆள் வருவதற்கு அரை மணி முன்னால் தண்ணீரில் வெனிலா எசன்ஸ் விட்டுக் கொதிக்க வைத்தால் வீடே கேக் சுட்ட மாதிரி மணக்கும். விரிசல் இருந்தால் அங்கே கண்ணாடி, ஈரம் இருந்தால் அங்கே அலமாரி. வீடு விற்றதும் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிவிடுவேன். வாங்கியவன் என்ன ஆனான் என்று ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

ஏழு வருடமாக இதே தெருவில் வாடகைக்கு இருக்கிறோம். சுற்றுலா வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடப்போகிறாராம் வீட்டுக்காரர். இரண்டு மாதத்தில் காலி செய்யச் சொல்லிவிட்டார். என் மனைவிக்குத் தெருமுனை ஆஸ்பத்திரி லேபில் வேலை. இங்கேயே சொந்த வீடு வேண்டும் என்று இரட்டை ஷிப்ட் பார்த்துச் சேர்த்து வைத்திருந்தாள். “இந்தத் தெருவில யோசிச்சுக்கிட்டு நின்னா வீடு போயிடும். பிடிச்சிருந்தா என்னைக் கேட்காம அட்வான்ஸ் குடுத்துடு” என்று நான்தான் பெரிய மேதாவி மாதிரி சொல்லி வைத்திருந்தேன்.

சொன்னபடியே கொடுத்துவிட்டாள்.

“உள்ள நுழைஞ்சதுமே கேக் வாசனைங்க” என்று அன்று சாயங்காலம் போனை நீட்டினாள். “அந்த வீட்டுக்காரங்க எவ்வளவு படிச்சிருப்பாங்க! பாருங்க, சுவர் முழுக்கப் புத்தகம்.”

படத்தில் நீல அட்டைகள். நான் எடைக்கு வாங்கியவை. என் வேலை என்ன என்று அவளுக்குத் தெரியும். வெனிலா, அலமாரி விவகாரங்களை மட்டும் சொன்னதில்லை. வெட்கமாக இருந்ததால்தான் சொல்லவில்லை.

மறுநாள் அவளைக் கூட்டிக்கொண்டு போய் அலமாரியை நகர்த்தினேன். பக்கத்து வீட்டுக் குளியலறைக் குழாய் சுவருக்குள்ளேயே கசிந்து, தரையிலிருந்து என் இடுப்பு உயரத்துக்குக் கறுப்பாகப் பூஞ்சை. தொட்டதும் பூச்சு ஊறிய ரஸ்க் மாதிரி கையோடு வந்தது. அவள் சுவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?”

“நான்தான் மறைச்சேன்.”

புரோக்கருக்குப் பல்லழகன் என்று பெயர். சாவு வீட்டிலும் சிரித்துக்கொண்டே நிற்பான். அட்வான்ஸைத் திருப்பித் தராவிட்டால் புகார் கொடுப்பேன் என்றேன். “புகார் குடுங்க சார், தாராளமா குடுங்க. அலமாரியை அங்க வச்ச கை யாரோடது? முதல் சாட்சியே நீங்கதானே?” என்றான். பிறகு குரலை இறக்கினான். “வேற ஆள் வாங்கிட்டா உங்க அட்வான்ஸ் அப்படியே திரும்பி வந்துடும். ஞாயித்துக்கிழமை ஒரு ஜோடி வருது. நல்லா ரெடி பண்ணி வைங்க.”

காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. துப்பினால் என் மேலும்தான் தெறிக்கும்.

“அவங்ககிட்ட உண்மையைச் சொல்லிடலாம். போனா போகட்டும்” என்றேன் வீட்டுக்கு வந்து.

“எது போகட்டும்? ஏழு வருஷம் ஊசியும் கையுமா நின்னது நீங்களா, நானா?”

ஞாயிற்றுக்கிழமை அவளும் வந்தாள். கறை அலமாரியைத் தாண்டி ஒரு சாண் வெளியே படர்ந்திருந்தது. அந்த இடத்தில் குட்டி மேஜையைப் போட்டாள். பையிலிருந்து எங்கள் கல்யாணப் படத்தை எடுத்து அதன்மேல் சாய்த்து வைத்தாள்.

“வீடுன்னா மனுஷங்க வாழ்ந்த மாதிரி இருக்க வேணாமா? இதுகூடத் தெரியாமத்தான் இத்தனை நாள் வேலை பார்த்தீங்களா?”

ஜோடி வந்தது. மாடி ஏறியதில் அந்தப் பெண்ணுக்கு மூச்சு வாங்கியது. கைப்பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து இழுத்துக்கொண்டாள். “எனக்குத் தூசியே ஆகாது. அதான் சுத்தமான வீடா தேடுறோம்” என்றாள் சிரித்துக்கொண்டே. நான் வாயைத் திறந்தேன். என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

அந்தப் பெண் படத்தருகே போனாள். “நீங்களா அக்கா? இவ்வளவு அழகா வச்சிருக்கீங்க, ஏன் விக்கிறீங்க?”

“எனக்கு விட்டுட்டுப் போக மனசே இல்லம்மா” என்றாள் என் மனைவி. கண் கலங்கிவிட்டது. அது மட்டும் நடிப்பில்லை.

புருஷனும் பெண்டாட்டியும் ஜன்னலோரம் போய்க் கிசுகிசுத்துவிட்டு, வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். பல்லழகன் என் முதுகில் தட்டினான். உடம்பெல்லாம் கூசியது.

என் மனைவி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இந்தப் புத்தக அலமாரியை உங்களுக்கே விட்டுட்டுப் போறோம்மா. எங்க ஞாபகமா இருக்கட்டும். நகர்த்திடாதீங்க, அது அங்க இருந்தாத்தான் அழகு.”

இத்தனை வருடத் தொழிலில் இது எனக்குத் தோன்றியதே இல்லை.

“ரொம்ப நன்றி அக்கா” என்று அந்தப் பெண் அவளைக் கட்டிக்கொண்டாள்.