பெயருக்குக் கீழே ஒரு பாதம்

எங்கள் டாட்ரா மலை உச்சியில் ஒரு தகரப் பெட்டிக்குள் நோட்டு இருக்கிறது. ஏறிவருகிற எவரும் தம் பெயரையும், எங்கிருந்து எங்கே போகிறார் என்பதையும் அதில் எழுதவேண்டும். நவம்பரில் பாதையை மூடிவிடுவார்கள். மனைவி இறந்தபின், அந்த நாட்களில் மலைவிடுதியில் நான் மட்டும்தான். தினமும் ஏறிப்போய், "பிளாஷெய், விடுதியிலிருந்து விடுதிக்கு" என்று எழுதிவிட்டு, வேறு யாராவது எழுதியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு இறங்குவேன்.

போன வருடம் பாதை மூடிய ஒன்பதாம் நாள், நோட்டில் என் பெயருக்குக் கீழே சேற்றால் ஒரு கரடிப் பாதம் பதிந்திருந்தது. பெட்டியை ஒழுங்காக மூடியும் வைத்திருந்தது.

"எங்கேருந்து எங்கேன்னு போடலையே!" என்று காட்டைப் பார்த்துக் கத்தினேன்.

மறுநாள் இரண்டு பாதங்கள் இருந்தன. ஒன்று மேற்கே பார்த்து, ஒன்று கிழக்கே பார்த்து. பனி மூடும்வரை கரடி ஒருநாளும் தவறவில்லை.

வசந்தத்தில் வனக்காவலர் ஸோரா நோட்டைப் புரட்டினாள்.

"உருளைக்கிழங்கை வெட்டி நீங்களே அச்சு குத்தினீங்களா மாமா?"

"என் கையெழுத்து இவ்வளவு அழகா இருக்குமா?"

இந்த வருடம் நவம்பர் இருபது ஆகிவிட்டது, கரடி இன்னும் வரவில்லை. ஒவ்வொரு நாளும் என் பெயருக்குக் கீழே ஒரு பாதத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். நேற்று, எங்கே போகிறேன் என்பதை எழுதாமல் வந்துவிட்டேன். யாராவது கத்திக் கேட்கட்டும்.