சந்தனம் பூசிய துப்பாக்கி

"நர்ஸ் டிரெயினிங்குக்கு எழுதிப் போடலாம்னு இருக்கேன்" என்று கஸ்தூரி சொன்னாள்.

"அது எதுக்கு? நம்ம வீட்ல யாருக்கு அடிபடப் போவுது?" என்றான் ராஜமாணிக்கம்.

சொல்லிவிட்டுச் சிரித்தான். திருவண்ணாமலைப் பெரிய கோயிலில், கிளிகோபுரத்து நிழலில், பெண் பார்க்க வந்த இடத்தில் நடந்த பேச்சு அது. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் சீர்வரிசை பேச ஒதுங்கிய ஐந்து நிமிஷத்தில் அவ்வளவுதான் பேச முடிந்தது. அவனுக்குப் பல் வரிசை அழகு. அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் கஸ்தூரி சம்மதம் சொன்னாள். அதே சிரிப்பை நினைத்து வீட்டுக்குப் போய் இரண்டு நாள் பொருமினாள். நான் ஒரு தடவை கேட்டாயிற்று, இனி அவராக ஞாபகம் வந்து அனுப்பினால் போவது, நானாக வாயைத் திறப்பதில்லை என்று மனசுக்குள் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. அந்த வீட்டில் யாருக்கு அடிபட்டது என்றால், கேட்டவனுக்கேதான் பட்டது. பதினோரு தடவை. பதினொன்றும் ஒரே துப்பாக்கியால்.

கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் அவர்களுக்கு நாலு ஏக்கர் வேர்க்கடலை. காட்டுப்பன்றி விழும் நிலம் என்று அவன் அப்பா காலத்தில் பயிர்க் காவலுக்கு லைசென்ஸ் வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி, அப்பாவுக்குப் பிறகு ராஜமாணிக்கத்தின் பேருக்கு வந்தது. சுற்றுவட்டாரத்தில் அது ஒன்றுதான் துப்பாக்கி. அதனால் சுற்றுவட்டாரத்தில் தான் ஒருவன்தான் ஆண்பிள்ளை என்று அவனுக்கு ஒரு நினைப்பு. தோளில் மாட்டிக்கொண்டு வரப்பில் நடந்தால் இரண்டு பக்கமும் ஜனங்கள் நிற்பதுபோல நடப்பான். நின்றது பெரும்பாலும் கொக்குகள்.

அந்தத் துப்பாக்கியால் இன்றுவரை ஒரு பன்றி செத்ததில்லை. பன்றிகளுக்கு அந்தச் சத்தம் பழகிப்போய்விட்டது என்று கஸ்தூரி நினைத்தாள். வெடி கேட்டால் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அவருக்கு இன்றைக்கு எங்கே அடியோ என்று பேசிக்கொண்டு மறுபடி கடலையைக் கிளறும் போலிருந்தது.

கல்யாணமான மூன்றாம் மாசம், புதுப் பெண்டாட்டிக்குச் சுட்டுக் காட்டுகிறேன் என்று துப்பாக்கிக் கட்டையைத் தோளில் அழுத்தாமல் அரை விரற்கடை தள்ளிப் பிடித்துக்கொண்டு விசையை இழுத்தான். துப்பாக்கி பின்னால் உதைத்ததில் தோள்பட்டை நாவற்பழ நிறத்துக்கு வந்தது. பத்து நாள் சட்டை போட்டுவிட்டவள் அவள்தான். அடுத்த வருஷம் தோட்டா போட்டுக் குழலை மடக்கி மூடும்போது பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் இருக்கும் தோலைச் சேர்த்து மூடினான். இன்னொரு தடவை குறி பார்க்கிறேன் என்று முகத்தைக் கட்டையின் மேலேயே கவிழ்த்துக்கொள்ள, உதைத்த வேகத்தில் அவன் கைப் பெருவிரலே அவன் மூக்கில் குத்து விட்டது. தன் மூக்கைத் தானே குத்திக்கொண்டு ரத்தத்தோடு வந்த ஒரே வேட்டைக்காரன் ஜில்லாவிலேயே அவனாகத்தான் இருப்பான். சித்திரை வெயிலில் வரப்பில் கிடத்தியிருந்த குழலை வெறுங்கையால் எடுத்து உள்ளங்கை கொப்பளித்தது எட்டாவதா ஒன்பதாவதா, அவளுக்கே மறந்துவிட்டது.

டீக்கடையில் இந்தக் கதைகளுக்கெல்லாம் வேறு உருவம். அங்கே தோளில் பட்டது பன்றி மோதியதாக இருக்கும். மூக்கில் ரத்தம் வந்தது, குட்டியோடு இருந்த தாய்ப்பன்றியோடு கட்டிப் புரண்டதில். கேட்பவர்கள் தலையை ஆட்டுவார்கள். வீட்டுக்கு வந்து கஸ்தூரியிடம் உண்மையைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போவார்கள்.

அவளிடம் ஒரு பிஸ்கட் டப்பா உண்டு. பஞ்சு, கட்டுத்துணி, டிஞ்சர், ஊதா மருந்து, கத்தரிக்கோல். அவள் அப்பா திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டர். ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்கள் வெறுங்காலோடு மலையேறி, முள்ளும் கல்லும் கிழித்த காலோடு அங்கே வந்து உட்காருவார்கள். பதினைந்து வயசிலிருந்து கஸ்தூரி அந்தக் கால்களுக்குக் கட்டுப் போட்டவள். இதுதான் என் வேலை என்று அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கை ஒன்பது வருஷமாக ஒரே ஒரு நோயாளிக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தது.

அவனைக் கெட்டவன் என்று சொல்ல முடியாது. டவுனுக்குப் போனால் மல்லிகைப் பூ இல்லாமல் திரும்பமாட்டான். கைநீட்டி அடித்ததில்லை. டிஞ்சர் எரியும்போது அவள் புடவைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, "ஊது, ஊது" என்று மகள் வள்ளியைவிடச் சின்னப் பிள்ளையாகக் கெஞ்சுவான். ஊதும்போதெல்லாம் கேட்டுவிடலாமா என்று நாக்கு நுனிவரை வரும். முடிச்சு தடுக்கும். அவராகச் சொல்லட்டும்.

எண்பதாம் வருஷத்துப் பொங்கலுக்கு அப்பா சீர் கொண்டுவந்தார். கரும்பு, மஞ்சள், வெல்லம், மாப்பிள்ளைக்கு வேட்டி, வள்ளிக்குப் பாவாடைத் துணி. கிளம்பும்போது சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த நர்ஸ் டிரெயினிங் விண்ணப்பத் தாளை எடுத்து அவள் கையில் திணித்தார். மாசக் கடைசிக்குள் போய்ச் சேரவேண்டும், முப்பது வயசு தாண்டினால் எடுக்கமாட்டார்கள், கல்யாணமானவள் என்றால் புருஷன் கையெழுத்து வேண்டும் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். மாசி பிறந்தால் கஸ்தூரிக்கு முப்பது. அவள் தாளை பிஸ்கட் டப்பாவில் பஞ்சுக்கு அடியில் வைத்து மூடினாள்.

பொங்கலுக்கு முந்தின மாசம் முழுக்க ராஜமாணிக்கம் வெறுங்கையன். எலெக்‌ஷன் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளையெல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைக்கவேண்டும். மார்கழி பிறக்கும் முன்னாலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அத்தை வீட்டில் குழந்தையை விட்டுவந்தவன் மாதிரி இருந்தான். அந்த ஒரு மாசம் வீட்டில் யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. இதை அவள் கவனித்தாள். அவன் கவனிக்கவில்லை. போகிக்கு முதல் நாள் ரசீதைக் காட்டித் துப்பாக்கியை வாங்கிவந்தான். இந்த வருஷம் பாரி வேட்டையில் பரிவட்டம் எனக்குத்தான் என்று தெருவில் நின்று சொன்னான்.

காணும் பொங்கலன்று ஊர் ஆண்களெல்லாம் தடியும் வலையும் நாய்களுமாகக் கரட்டுக்குள் போவதுதான் பாரி வேட்டை. முயலோ கௌதாரியோ கொண்டுவந்து மாரியம்மனுக்குக் காட்டுவார்கள். முதல் வேட்டை அடித்தவனுக்குப் பரிவட்டம். கிளம்புவதற்கு முன்னால் கோயில் வாசலில் வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடிக்கவேண்டும். அந்த வெடி ராஜமாணிக்கத்தின் உரிமை.

மாட்டுப் பொங்கலுக்கு மாட்டுக் கொம்புக்கும் ஏருக்கும் செய்த அலங்காரத்தைத் துப்பாக்கிக்கும் செய்தான். ஒரு மாசம் ஸ்டேஷனில் கிடந்த தீட்டு போகவேண்டுமாம். கட்டை முழுக்கச் சந்தனம். குழலில் மூன்று இடத்தில் குங்குமம். கழுத்தில் சாமந்தி மாலை. குழலுக்குப் பின்னால் பெருவிரலால் இழுத்து நிமிர்த்தும் சுத்தி ஒன்று உண்டு. அதற்குத் தனியாக, தாராளமாக, ஒரு கை சந்தனம் அப்பினான். காணும் பொங்கல் காலையில் ஈரம் உலராதபடி மறுபடியும் ஒரு பூச்சு.

"தொடைச்சிட்டு எடுத்துட்டுப் போங்க. வழுக்கும்" என்றாள் கஸ்தூரி.

"சாமிக்கு வெச்சதத் தொடைக்கச் சொல்றியே. உனக்கு இன்னா தெரியும் துப்பாக்கியப் பத்தி?"

"துப்பாக்கியப் பத்தி ஒண்ணும் தெரியாது. உங்களப் பத்தித் தெரியும்."

அவன் மாமியார் வீட்டுப் புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினான். அவள் பிஸ்கட் டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பின்னால் போனாள். தேங்காய், பூ எடுத்துக்கொண்டு கோயிலுக்கு வந்த பெண்களில் டிஞ்சர் எடுத்துக்கொண்டு வந்தவள் அவள் ஒருத்திதான்.

கோயில் வாசல் வேப்பமரத்தில் பரசுராமன் மைக்செட்டுக் குழாயைக் கட்டியிருந்தான். மரத்தடியில் நின்று மைக்கைப் பிடித்து, நமது ஊரின் வேங்கை, பன்றிக் கூட்டத்தின் எமன் என்று முழங்கிக்கொண்டிருந்தான். முழங்கச் சொல்லி அவனுக்கு இரண்டு டீ வாங்கிக் கொடுத்தது வேங்கையேதான். ஊர்ப் பெரியதனக்காரர் சகாதேவன் கற்பூரம் காட்டிக் கையசைத்தார்.

ராஜமாணிக்கம் இடுப்பளவில் துப்பாக்கியைச் சாய்த்துப் பிடித்து, கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தான். தோட்டா ஏற்கெனவே உள்ளே இருந்தது. சுட்டுவிரல், எத்தனை தடவை சொல்லியும் கேட்காத அந்த விரல், விசையின் மேலேயே இருந்தது. பெருவிரலால் சுத்தியை இழுத்தான். முக்கால் தூரம் வந்த சுத்தி சந்தனத்தில் வழுக்கியது.

வெடி வானத்துக்குப் போகவில்லை. வேப்பமரத்துக்குப் போனது. 'எமன்' என்ற சொல்லின் நடுவிலேயே குழாய் ஊமையாகி, பாதி உடைந்து, வேங்கையைப் புகழ்ந்துகொண்டிருந்தவனின் நெற்றியை உரசிக்கொண்டு கீழே விழுந்தது. துப்பாக்கிக் கட்டை ராஜமாணிக்கத்தின் வயிற்றில் ஒரு குத்து விட, அவன் இரண்டடி பின்னால் போய், வேலிக்குப் போட்டிருந்த கருவேல முள்ளின் மேல் புது வேட்டியோடு உட்கார்ந்தான். சுத்தி கடித்த வலது பெருவிரலிலிருந்து ரத்தம் சொட்டியது. வேட்டை நாய்கள் எல்லாம் ஊருக்குள் ஓடிவிட்டன. கரட்டில் இருந்த முயல்களுக்கு அன்றைக்கு நல்ல பொங்கல்.

எல்லாரும் அவரவர் உடம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். யார் மேலும் குண்டு படவில்லை என்று தெரிந்த பிறகு சிரிப்பு வந்தது. ஆனால் பரசுராமன் கண்ணில் வழிந்த ரத்தத்தைத் தொட்டுப் பார்த்து, நான் செத்தேன் என்று உட்கார்ந்துவிட்டான். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். சுண்ணாம்பு வை என்றார் ஒருவர், காப்பித்தூள் என்றார் இன்னொருவர். பக்கத்து ஆஸ்பத்திரி லீவு, டவுனுக்கு வண்டி கட்டுங்கள் என்றார்கள். கஸ்தூரி டப்பாவைத் திறந்துகொண்டு நடுவில் வந்தாள். கூட்டத்தைத் தள்ளிப்போகச் சொன்னாள். தள்ளிப்போனார்கள். வெந்நீர் கேட்டாள். வந்தது. பரசுராமன் நெற்றியைக் கழுவி, இது செத்தவன் காயம் இல்லை, சீப்பு கிழித்தால்கூட இதைவிட ஆழமாக இருக்கும் என்று சொல்லி, அழுத்திக் கட்டினாள். காலையில் டவுனுக்குப் போய்க் கட்டாயம் ஊசி போட்டுக்கொள்ளவேண்டும் என்றாள். பிறகுதான் தன் பழைய நோயாளியிடம் வந்தாள். அவன் எழுந்து நின்றுகொண்டிருந்தான், உட்கார முடியாத காரணத்தால்.

"பன்னண்டு" என்றாள்.

"இன்னாது?"

"ஒண்ணுமில்ல. கைய நீட்டுங்க."

டிஞ்சர் பட்டதும் இடது கை அவள் புடவைத் தலைப்பைத் தேடியது. ஊர் பார்க்கிறது என்று பாதியிலேயே திரும்பிவிட்டது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. ஊதிவிட்டாள். பஞ்சு வைத்துச் சுற்றினாள். பெருவிரல் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஆயிற்று.

சகாதேவன் பார்த்துக்கொண்டே இருந்தார். "பெரிய ஆஸ்பத்திரியில கூட இப்பிடி நறுவிசாப் பாத்ததில்ல. நீ நர்ஸுக்குப் படிச்சிருக்க வேண்டிய பொண்ணும்மா" என்றார்.

மானம் போன இடத்தில் கொஞ்சம் மானம் கிடைத்ததும் ராஜமாணிக்கம் அதைப் பிடித்துக்கொண்டான். நெஞ்சை நிமிர்த்தி, "நானாண்ணே வேணாம்னேன்?" என்றான். "வாயத் தொறந்து கேட்டிருந்தா அனுப்பாமயா இருப்பேன்? இத்தினி வருஷத்துல ஒரு நாள் கேட்டதில்லியே."

டப்பாவை மூடப்போன கஸ்தூரியின் கை நின்றது.

அவன் முகத்தைப் பார்த்தாள். பன்றிக் கதை சொல்லும்போது வலது புருவம் ஏறும், இப்போது ஏறவில்லை. அவன் பொய் சொல்லவில்லை. கிளிகோபுரத்து நிழல், அந்த ஐந்து நிமிஷம், அவன் சிரித்த சிரிப்பு, ஒன்றுமே அவனுக்கு ஞாபகம் இல்லை. மறந்துபோனவனுக்கு ஞாபகம் வரட்டும் என்று அவள் ஒன்பது வருஷம் காத்திருக்கிறாள். வராத பன்றிக்குத் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருப்பவனைப் பார்த்து எத்தனை நாள் சிரித்திருக்கிறாள். அவள் உட்கார்ந்திருந்ததும் அப்படியொரு வரப்பில்தான். அவனுக்காவது ஊருக்குச் சொல்ல ஒரு காயம் மிச்சம்.

டப்பாவில் பஞ்சை விலக்கி அந்தத் தாளை எடுத்தாள். மடிப்பைப் பிரித்து, கோயில் படியில் வைத்து, காற்றில் பறக்காமல் இருக்கக் கத்தரிக்கோலை அதன் மேல் வைத்தாள்.

"இன்னா கஸ்தூரி இது?" என்று குனிந்தான். கொஞ்சம் படித்தான். குரல் இறங்கிவிட்டது. "கையெழுத்து கேக்குதே. கை இப்பிடி இருக்குதே."

அவள் ஊதா மருந்துப் புட்டியைத் திறந்தாள். அவனுடைய இடது கையைப் பிடித்து, காயமே படாத அந்தப் பெருவிரலில் மருந்தை மைபோலத் தடவினாள். சகாதேவன் பார்த்துக்கொண்டிருந்தார், பரசுராமன் பார்த்துக்கொண்டிருந்தான், தேங்காய்த் தட்டோடு நின்ற பெண்களெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை.

"கேக்கலைன்னீங்களே, கேக்கறேன்" என்றாள். "என்னை நர்ஸ் டிரெயினிங்குக்கு அனுப்புங்க."