இறுக்குப் பாறை

சேணத்தின் வாரை இழுத்துக் கொக்கியில் மாட்டப்போகும் நேரத்தில் மிளகு வழக்கம்போல வயிற்றை உப்பிக்கொண்டது. சாம்பல் நிற உடம்பெங்கும் கறுப்புப் புள்ளிகள் தெளித்த பெண் குதிரை அது. பதினான்கு வயதாகியும் இந்தத் தந்திரத்தை விடவில்லை. சேணம் முதுகில் ஏறியதும் மூச்சை இழுத்து உள்ளேயே வைத்துக்கொள்ளும். வயிற்று வார் முதல் துளைக்குமேல் வராது. பத்து நிமிடம் நடந்தபின், யாருக்கும் தெரியாமல் மூச்சை விட்டுவிடும். அப்புறம் வயிற்றுக்கும் வாருக்கும் நடுவில் ஒரு கை தாராளமாக நுழையும்.

இன்றைக்குமா என்று அதனிடம் கேட்க வேண்டும்போல இருந்தது அவளுக்கு. கேட்கவில்லை. நெற்றியை ஒரு கணம் அதன் விலாவில் சாய்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"கட்டியாச்சா?" அண்ணன் லாயத்தின் வாசலில் உயரமான பழுப்புக் குதிரைமேல் உட்கார்ந்திருந்தான். பதினோரு நாளாகச் சவரம் செய்யாத முகம்.

"ஆச்சு."

"லாரிக்காரர் பத்து மணிக்கு அக்கரையில நிப்பாரு. திரும்பி வர்றப்ப சேணத்த நான் மடியில வெச்சுக்கறேன். நீ எனக்குப் பின்னாடி ஏறிக்க."

திரும்பி வருவதற்கு ஒரு குதிரைதான் இருக்கும் என்பதை இதைவிடப் பக்குவமாகச் சொல்ல முடியாது. அவள் தலையாட்டிவிட்டு அங்கவடியில் காலை வைத்தாள்.

லாரி வரக்கூடிய சாலை ஏரியின் மறுகரையோடு முடிந்துவிடும். அதற்கு இப்பால் பைன் மரக்காடும், மலையின் இடுப்பைச் சுற்றி ஏரியை ஒட்டிப் போகும் ஒற்றையடிப் பாதையும்தான். அந்தப் பாதைதான் அவர்கள் பிழைப்பு. ஆறு குதிரைகள், மூன்று பேர். அண்ணன் லாயத்தைப் பார்த்துக்கொள்வான். சுற்றிப்பார்க்க வருகிறவர்களைக் குதிரையில் ஏற்றி அவள் முன்னால் போவாள். கடைசி ஆளாக, மிளகின்மேல், அண்ணி வருவாள்.

பதினோரு நாளைக்கு முன் பாதை குறுகும் இடத்தில் அண்ணி விழுந்தாள். தலை கல்லில் பட்டது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கண் திறக்கவில்லை; மூன்றாவது நாள் அண்ணன் அவளுடைய பூட்ஸை ஒரு பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். குதிரை மிரண்டுவிட்டது என்று டாக்டரிடம் சொன்னான், போலீஸ்காரரிடம் சொன்னான், துக்கம் விசாரிக்க வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னான். ஆளைக் கொன்ற குதிரைமேல் இனி யார் ஏறுவார்கள்? லாரிக்காரருக்கு அவனே போன் செய்தான். அந்த லாரியில் ஏறிய குதிரை எங்கே போகும், என்ன ஆகும் என்று லாயத்தில் யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை. எல்லாருக்கும் தெரியும்.

மிளகு மிரளவில்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

முதல் ஏற்றம் முடிந்ததும் பாதையோரம் ஒரு தட்டையான பாறை உண்டு. இறுக்குப் பாறை என்பது அவர்களாக வைத்த பேர். எல்லாக் குதிரைகளும் அங்கே நிற்கும். லாயத்தில் எந்தக் குதிரைக்கு யார் சேணம் கட்டினார்களோ, அவர்களே இறங்கி வந்து வாரை இரண்டாம் தடவை இறுக்க வேண்டும். சட்டம் போட்டவள் அண்ணிதான். "கட்டின கைதான் இறுக்கணும். இல்லன்னா நீ பாத்திருப்பேன்னு நானும், நான் பாத்திருப்பேன்னு நீயும் சும்மா இருந்துடுவோம்" என்பாள். மிளகின் வயிற்றைத் தட்டிக்கொண்டே வந்தவர்களிடம் சொல்வாள்: "எங்க வீட்டுக்காரர் போட்டோன்னா வயித்த உள்ள இழுப்பாரு. இவ வெளிய தள்ளுவா. ரெண்டுமே ஃபிராடு." வந்தவர்கள் சிரிப்பார்கள். நூறு தடவை கேட்ட அவளுக்கும் சிரிப்பு வரும்.

அண்ணி விழுந்த வாரம் மட்டும் சிரிக்கவில்லை. காரணம் ஒரு மழைக்கோட்டு. இரண்டு தோளிலும் கிழிந்து ஆணியில் தொங்கிய அவளுடைய பழைய கோட்டை, அண்ணி கேட்காமல் வெட்டிக் குதிரைப் போர்வைக்கு ஒட்டுப் போட்டுவிட்டாள். "ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?" என்றாள் இவள். "கேட்டா மட்டும் தூக்கிக் குடுத்துடுவியாக்கும், நாத்தனாரம்மா!" என்றாள் அவள். அவ்வளவுதான். மூன்று பேர் இருக்கும் வீட்டில் இரண்டு பேர் மூன்று நாள் பேசவில்லை. தட்டுகள் மேசையில் நங்கென்று விழுந்தன. அண்ணன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு லாயத்துக்குப் போய்விடுவான்.

மரங்களுக்கு நடுவே ஏரி துண்டு துண்டாகத் தெரிய ஆரம்பித்தது. காலை வெயில் தண்ணீர்மேல் படவில்லை. ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினாற்போலக் கிடந்தது. உதிர்ந்த ஊசியிலைமேல் எட்டுக் குளம்புகளின் சத்தமும் அமுங்கிக் கேட்டது. பின்னால் அண்ணன் ஒரு தடவை இருமினான். ஏற்றம் முடிந்தது.

மிளகு தானாக நின்றது.

"ஓட்டு" என்றான் அண்ணன்.

"இறுக்கணும்."

"இருக்கறது கொஞ்ச தூரம். மெதுவாப் போனாப் போதும். ஓட்டு."

அவள் இறங்கினாள். சேணத்தின் தோல் மடிப்பைத் தூக்கி, கொக்கியைக் கழற்றி இழுத்தாள். வார் ஒரு துளை வந்தது. இன்னொன்று. மூன்றாவதும் வந்தது. திரும்பிப் பார்க்காமலேயே அண்ணனும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தது.

"அண்ணா."

"லாரிக்காரர் காத்துட்டிருப்பாரு."

"அன்னிக்கும் இவளுக்குக் கட்டினது நான்தான். இங்க வந்து இறுக்கல."

பழுப்புக் குதிரை கடிவாளத்தை மென்றது. அண்ணன் அதன் இரண்டு காதுகளுக்கு நடுவே பார்த்தபடி இருந்தான்.

"தெரியும்" என்றான்.

அவள் கை வாரிலேயே நின்றது.

"சேணம் வயித்துக்கு அடியில தொங்கிட்டிருந்துச்சு. வார் அறுந்துபோகல. மொதத் துளையிலயே கெடந்துச்சு. நான்தான கழட்டினேன்? இத்தன வருஷமா குதிரையோட கெடக்கறவனுக்கு இதுகூடத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் மிரண்டுச்சுன்னு..."

"வேற என்ன சொல்லச் சொல்ற?" அவன் குரல் உயரவில்லை. "வீட்ல எனக்கு மிச்சம் இருக்கறது நீ ஒருத்திதான். மனுஷங்களுக்கு மறதி வராதா? பழிய இது மேல போட்டா, இதோட போயிடும்னு நெனச்சேன். நீயும் வாயத் தொறக்காம வந்திருக்கலாம்."

இங்கே நிறுத்திவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. மறதி என்ற வார்த்தையை அவனே எடுத்து நீட்டுகிறான். வாங்கி வைத்துக்கொண்டால் போதும். மிளகைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். இனி வரும் காலமெல்லாம் அவன் அவளை மன்னித்துக்கொண்டே இருப்பான்.

"மறக்கல அண்ணா."

இப்போதுதான் அவன் அவள் முகத்தைப் பார்த்தான்.

"மத்த குதிரைக்கெல்லாம் இறுக்கிட்டு இங்க வந்தேன். அண்ணி எப்பவும்போல கால முன்னாடி தூக்கி, வார இறுக்க எனக்கு வழி விட்டுட்டு உக்காந்திருந்தாங்க. பாத்தேன். வாயத் தொறந்து கேக்கட்டுமேன்னு தாண்டிப் போயிட்டேன். கொஞ்ச நேரம் தூக்கின கால் தூக்கினபடியே வெச்சிருந்தாங்க. அப்புறம் எறக்கிட்டாங்க."

அண்ணனுடைய இடது கால் அங்கவடியிலிருந்து நழுவித் தொங்கியது. அது அவனுக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

"கேக்கலியா அவ?" என்றான் கடைசியில்.

"இல்ல. ஏரியப் பாத்துட்டிருந்தாங்க."

அக்கரையிலிருந்து லாரியின் ஹாரன் இரண்டு தடவை தண்ணீர்மேல் வந்தது. பழுப்புக் குதிரை காதை விறைத்தது. அண்ணன் கடிவாளத்தை எந்தப் பக்கமும் திருப்பவில்லை. அவள் கொக்கியை நான்காம் துளையில் மாட்டி, மடிப்பைக் கீழே விட்டு, விரலை வாருக்கு அடியில் நுழைத்துப் பார்த்தாள். நுழையவில்லை.

இறுக்கி முடித்ததும் கிளம்ப வேண்டும் என்பது மட்டும்தான் மிளகுக்குத் தெரிந்தது. பாதையில் மூன்று அடி எடுத்து வைத்தது. முதுகில் பாரம் இல்லாததைக் கண்டு நின்றது. கழுத்தைத் திருப்பி, அசையாமல் இருந்த இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. அதன் முதுகில் சேணம் இம்மியும் நகராமல் உட்கார்ந்திருந்தது.