எட்டுப் பட்டன்களும் ஒரே மைனஸ் ஒன்றும்

கிரேன் ஓட்டுபவர் புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எங்கள் கண்ணாடிக் கடைச் சுவரில் இருந்த எழுத்துப் பலகையைப் பார்த்தார். கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டினார்.

"ரெண்டாவது வரியே மங்கலாத்தான் இருக்கு."

அக்கா அதை வாங்கி அளவுக் கருவியில் வைத்தாள். இருக்க வேண்டிய பவர் மைனஸ் நாலு. இருந்தது மைனஸ் ஒன்று. அடுத்து அவள் பார்த்தது என்னைத்தான்.

பார்க்காமல் என்ன செய்வாள்? லென்ஸ் அரைக்கும் இயந்திரத்தில் எண்களைத் தட்டும் பலகை போன மாதம் உயிரை விட்டது. நான் இருக்கப் பயமேன் என்று மார்தட்டி, கணினியிலிருந்து எண்ணை அனுப்பப் புரோகிராம் எழுதிக் கொடுத்த மேதாவி நான். கண் டாக்டரின் எட்டுச் சீட்டு வந்தால் திரையில் எட்டு வரி தானாக முளைக்கும். ஒவ்வொரு வரியிலும் பவர் எழுத ஒரு கட்டம், பக்கத்தில் 'அரை' என்று ஒரு பட்டன். அதை அழுத்தினால் அந்தக் கட்டத்தின் எண் இயந்திரத்துக்குப் போக வேண்டும். இன்றுதான் முதல் நாள். நல்லவேளை, அதுவரை அரைத்தது இவருடையது மட்டும்தான்.

"மூணு மணிக்கு கட்டட சைட்ல கண் டெஸ்ட். தவறினா கிரேன்ல வேற ஆளை ஏத்திடுவாங்க," என்றார் அவர். பழைய கண்ணாடி நேற்று அவர் காலிலேயே மிதிபட்டு நொறுங்கியிருந்தது. மணி பன்னிரண்டு.

"இவருக்கு ஆகுற லென்ஸ் இன்னும் ஒரே ஜோடிதான் இருக்கு," என்றாள் அக்கா.

எனக்குப் பயம் வந்தது. ஆனால் அதை முந்திக்கொண்டு ஆர்வம் வந்தது. அது என் பிறவிக் குணம். இயந்திரத்தின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, எண் திரையிலேயே தெரியும்படி மாற்றினேன். முதல் பட்டன்: மைனஸ் ஒன்று. மூன்றாவது: மைனஸ் ஒன்று. அது எட்டாவது வரியின் எண். அந்தக் கட்டத்தில் அதை அழித்து ஐந்து என்று எழுதினேன். எட்டுப் பட்டன்களும் கூசாமல் ஐந்து என்றன. அடப்பாவிகளா!

"ஏண்டி சிரிக்கிற? மனுஷன் உக்காந்திருக்காரு."

"எல்லாம் ஒரே மாதிரி தப்புன்னா காரணமும் ஒண்ணுதாங்கா."

காரணம் என் வேலைதான். பட்டன்களை உருவாக்கும்போது வரிசை எண்ணைப் புரோகிராமுக்குள் ஒரே சிலேட்டில் ஒன்று, இரண்டு, மூன்று என்று அழித்து அழித்து எழுதிக்கொண்டு போயிருந்தேன். எந்தப் பட்டனும் பிறந்தபோது தன் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளவில்லை. அழுத்தும்போதுதான் சிலேட்டை எட்டிப் பார்த்தது. அதற்குள் அதில் எட்டு மட்டுமே மிச்சம். ஒவ்வொரு பட்டனுக்கும் அதன் எண்ணைத் தனியாக எழுதிக் கையில் கொடுத்தேன். இரண்டே வரி மாற்றம்.

"அப்ப நேத்து நீ டெஸ்ட் பண்ணப்ப எப்படிச் சரியா வந்துச்சு?"

இதை மட்டும் கேட்டுவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன். "எட்டுக் கட்டத்துலயும் என் பவரையே போட்டேங்கா. மைனஸ் ரெண்டரை. எல்லாப் பட்டனும் கரெக்டா ரெண்டரையே அனுப்புச்சு."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "ஊரே உன் கண்ணோடயா பொறந்திருக்கு?"

எனக்கு முகம் சுருங்கிப் போனது. எட்டுக் கட்டங்களிலும் எட்டு வெவ்வேறு எண்களை எழுதி, பட்டன்களை மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் அழுத்திக் காட்டினேன். பிறகு இணைப்பை மறுபடி மாட்டினேன். அக்கா கடைசி ஜோடியை இயந்திரத்தில் பொருத்தினாள்.

"நீயே அழுத்து."

அழுத்தினேன். அரைத்து முடியும்வரை நான் உட்காரவே இல்லை. அளவுக் கருவி மைனஸ் நாலு என்றது. அவர் பலகையின் கடைசி வரியையும், அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் முகவரியையும் படித்துவிட்டு ஓட்டமாக ஓடினார்.

நாலு மணிக்கு அக்காவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"டெஸ்ட் பாஸ்! தெருக்கோடில கட்டுற கட்டடத்துல, கிரேன் மேலேதான் இருக்கேன். ரெண்டு பேரும் வாசலுக்கு வாங்க, தெரியுதான்னு பாக்கலாம்."

போய் நின்றோம்.

"கையாட்டுறது பெரியவங்க. சரிதானே?" அக்கா இன்னும் பெரிதாகக் கையாட்டினாள். "சின்னவங்க எதுக்குக் கண்ணாடியைக் கழட்டிக் கண்ணைத் தொடைக்கிறாங்க?"