துவக்கும் ஆறு தலைமுறையும்

ஞாயிறு பின்னேரங்களில் பதுளையில் ஜெயரட்ணத்தின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு ராச்சியம் விரியும். மகள் வதனி கதையை நடத்துவாள். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் ஏற்று, தாம் செய்வதைச் சொல்லித் தாயக்கட்டை உருட்டுவார்கள்; விழும் எண்ணைப் பொறுத்து அது பலிக்கும். கொழும்பில் படிக்கும்போது அவள் பழகிக்கொண்ட விளையாட்டு. மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் தலைமை எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்ற ஜெயரட்ணம் முதலில் முகம் சுளித்தார். வாள்வீரன் வேடம் கிடைத்த பிறகோ, வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு எல்லாருக்கும் முன்னமே வந்து உட்காரத் தொடங்கினார்.

அவருடைய வீரன் வாளை உருவுமுன் தன் பரம்பரையைச் சொல்வான். ஆறு தலைமுறை. அத்தனை பேரும் ஜெயரட்ணத்தின் சொந்தத் தகப்பன்வழி முன்னோர். அதுவரை எதிரே நிற்கும் பூதம் பொறுத்திருக்க வேண்டும்.

பசாரில் புடைவைக்கடை வைத்திருக்கும் ஹாஷிம்தான் அன்று துப்பாக்கி கேட்டு வில்லங்கத்தைக் கிளப்பினார்.

"வதனி மகள், என்ட ஆளுக்கு ஒரு துவக்கு தாங்க."

ஜெயரட்ணம் நிமிர்ந்தார். "மந்திரமும் பூதமும் உள்ள ஊரிலை துவக்கோ? அதுக்கு இஞ்சை இடமில்லை."

"பூதம் இருக்கலாம், துவக்கு மட்டும் இருக்கப்படாதா? நல்ல நியாயம் ஐயா!"

"ஐயா பரம்பரைய சொல்லி முடிக்கக்குள்ள பூதத்துக்கே நரைச்சிருது" என்றார் ஹாஷிமின் மனைவி ஸுபைரா.

ஜெயரட்ணம் சிரிக்கவில்லை. மூன்றாம் பாட்டனுக்கு வருமுன் துவக்கு வெடித்துப் பூதம் விழுந்துவிட்டால், பிறகு பரம்பரையை யார் கேட்பார்கள்?

"வாள் எடுக்கிறவன் தன்ரை பேரைச் சொல்லுவான். துவக்கு வைச்சிருக்கிறவன் உன்ரை பேரைத்தான் கேட்பான். எத்தினை சோதனைச் சாவடியிலை சொல்லியிருக்கிறம்? துவக்கு வந்தால் நான் எழும்புறன்."

வதனி யோசித்தாள்.

"துவக்கு தாறன். ஆனா பழங்காலத்துத் துவக்கு. வெடிமருந்து, குண்டு, திரி மூண்டும் சரிவந்தால்தான் வெடிக்கும். அப்பா ஒரு தலைமுறை சொன்னால், நீங்கள் ஒருக்கா உருட்டலாம். அப்பா வாய் திறக்காட்டில் துவக்கும் இல்லை."

எழும்பப் போன ஜெயரட்ணம் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டார்.

பூதம் ஸுபைராவின் வைத்தியக்காரியைத் தூக்கிக்கொண்டது. ஜெயரட்ணம் தொண்டையைச் செருமித் தொடங்கினார். இரண்டாம் பாட்டனில் மருந்து இறங்கியது. நான்காமவரில் குண்டு. ஆறாமவர் வந்தும் திரி பற்றவில்லை.

"இன்னும் ஒராள் சொல்லுங்க ஐயா! ஸுபைரா போகப்போறா!"

"நல்லா சொல்லுங்க, இவருக்கு வேற பொண்டாட்டி தேட ஏலாது" என்றார் ஸுபைரா.

ஏழாமவர் பெயர் ஜெயரட்ணத்துக்குத் தெரியாது. இல்லாத பாட்டனை உண்டாக்குவதைவிடத் தோற்பது மேல். ஆனால், இருந்தும் சொல்லாத ஒருவர் இருந்தார்.

"கந்தப்பர்" என்றார் மெதுவாக. "என்ரை தாயின்ரை தகப்பன். பண்டாரவளையிலிருந்து தோட்டங்களுக்கு மாட்டுவண்டியிலை அரிசி ஏத்தினவர்."

வதனி தலை தூக்கினாள். இந்த வீட்டில் அந்தப் பெயரை அவள் கேட்டதே இல்லை.

ஹாஷிம் உருட்டினார். திரி பற்றியது. வெடி பூதத்தின் கையில் பட, வைத்தியக்காரி கீழே குதித்தாள்.

"இப்ப வெட்டுங்க ஐயா!"

ஜெயரட்ணத்தின் வாள் மிச்சத்தை முடித்தது.

தேத்தண்ணி வந்தபோது ஸுபைரா, "கந்தப்பர்ட மாடு என்ன நிறம்?" என்று கேட்டார். ஒன்று சிவலை, ஒன்று மயிலை என்று சொல்லத் தொடங்கிய ஜெயரட்ணம், கோப்பை ஆறும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

படியிறங்கிய ஹாஷிமை வாசல்வரை வந்து நிறுத்தினார். வெளியே தூறிக்கொண்டிருந்தது.

"அடுத்த கிழமைக்கு மருந்தை நனைய விடாதையுங்கோ, முதலாளி. தாய்வழியிலை இன்னும் ரெண்டு பேர்தான் இருக்கினம்."