முப்பதாம் நம்பர் டப்பா

மூன்று தேசத்து ஆட்களின் மலம் ஒரே ஃப்ரீசரில் சண்டை சச்சரவில்லாமல் கிடந்தது. பனி தேசத்தில் முப்பது பேர், தீவு தேசத்தில் முப்பது பேர், உள்ளூரில் முப்பது பேர். கொடுத்தவர்களை ஒரே அறையில் போட்டால் அரை மணி நேரம் தாங்காது. அந்த டப்பாக்களைக் கட்டிக் காப்பது லேப் அக்காவின் வேலை. பதினோரு வருடமாக மூக்கைப் பொத்தாமல் செய்கிறாள்.

புரொபசர் ஒரு கிருமியைக் கண்டுபிடித்திருந்தார். அது குடலில் நிறைய இருந்தால் ஆள் ஒல்லி, இல்லாவிட்டால் குண்டு. எந்தத் தேசமானாலும் இதே கதைதான் என்று அடித்துச் சொன்னார். பனி தேசத்தில் முன்பு செய்த ஓர் ஆய்வில் அது சரியாக வந்திருந்தது. மற்ற இரண்டிலும் வந்துவிட்டால் உலகம் தன்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடும் என்று நம்பினார்.

லேப் அக்காவுக்கு உலகத்தைப் பற்றிக் கவலையில்லை. அவள் தொண்ணூற்றாறு கிலோ. கணவரோ அதே சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு ஒட்டடைக் குச்சியாக நடமாடுகிறார். "சமைக்கும்போதே பாதி உள்ள போயிடுதோ அண்ணி?" என்று நாத்தனார் கேட்கும்போதெல்லாம் சிரித்து மழுப்புவாள்; பிறகு குளியலறைக்குள் போய் அழுவாள். அந்தக் கிருமி தன் குடலில் இல்லை என்று ஒரு காகிதம் கிடைத்தால் போதும். நாத்தனார் முகத்துக்கு நேரே நீட்டிவிடுவாள்.

உள்ளூரில் இருபத்தொன்பது பேர்தான் தேறினார்கள். நம் ஆட்கள் ரத்தம் கொடுப்பார்கள், வாக்குக் கொடுப்பார்கள், இதை மட்டும் கொடுக்க மாட்டார்கள். ஆள் குறைந்தால் ஆய்வகத்திலேயே ஒருவர் கொடுத்து ஒப்பேற்றுவது வழக்கம். படிவத்தை நிரப்பி, எடையை எழுதித் தனிக் கவரில் போட்டு ஒட்டி, லேப் அக்காவே முப்பதாம் டப்பாவைக் கொடுத்தாள். எது யாருடையது என்று புரொபசருக்குத் தெரியக் கூடாது என்பது விதி.

கிருமிக் கணக்கு முதலில் வந்தது.

"உள்ளூர் முப்பதாம் நம்பரைப் பாருங்க, அள்ளுது!" என்று புரொபசர் குதித்தார். "தொண்ணூறு பேர்ல இவருக்குத்தான் அதிகம். ஆள் ஈர்க்குச்சியா இருப்பார், எழுதி வெச்சுக்குங்க."

லேப் அக்காவின் முகம் சுண்டிப்போயிற்று. ஒல்லி ஆட்களின் கிருமி மூட்டை மூட்டையாக வயிற்றில் இருந்தும் குண்டு என்றால், நாத்தனார் சொன்னதுதான் சரியா?

மறுநாள் எடைக் கவர்களைப் பிரித்தார்கள். பனி தேசம் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்தியது. தீவு தேசம் முன்னே பின்னே இருந்தது. உள்ளூர்க் கவர்களைப் பிரிக்கப் பிரிக்கப் புரொபசரின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. கடைசிக் கவரைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"தொண்ணூத்தாறா? டப்பா மாறியிருக்கும். இந்த ஒண்ணைத் தூக்கிட்டா கிராஃப்ல கோடு ஓரளவு நேரா வந்துடும். கெட்டுப்போச்சுன்னு எழுதி நீக்கிடுங்கம்மா."

பேசாமல் தலையாட்டியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

"கெட்டுப்போகல சார். மாறவும் இல்ல."

"அதெப்படி அவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

"அது என்னுது சார். என்னுது எனக்குத் தெரியாதா?"

பின்னால் நின்ற மாணவர் ஒருவர் இருமல் வந்தவர்போல வாயைப் பொத்திக்கொண்டார். லேப் அக்காவுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"உங்களைக் குத்தம் சொல்லலம்மா," என்று புரொபசர் குழைந்தார். "தொண்ணூறுல ஒரு ஆள்தானே? இல்லாம போனா என்ன?"

"உடம்பைக் குறை, குறைன்னு எல்லாரும் சொல்லியிருக்காங்க சார். ஆளே வேண்டாம்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான்."

அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முப்பதாவது வரியில் தொண்ணூற்றாறு என்று அடித்தாள். திரையில் புரொபசரின் கோடு சரிந்து படுத்தது. ஆனாலும் அவள் அழிக்கவில்லை.